நல்லதண்ணிக் கிணற்று ஞானப்பூ அம்மையார்

கருக்குவிளையில் பெரிய மனிதர்களுக்குக் குறைவில்லை. கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், பீடத்துக்குத் தேக்கு இழைத்துக் கொடுத்தவர், கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்பியவர் என்று அவரவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது அவர்களைப் பற்றியல்ல. எந்தக் கல்லிலும் பெயர் ஏறாத ஒரு விதவைத் தாயைப் பற்றி. வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து பிழைத்தவர் அவர். தலையில் சும்மாடும் இடுப்பில் குடமுமாகவே ஊர் அவரைப் பார்த்தது. ஞானப்பூ என்பது அவர் பெயர்.

தேரிக்காட்டு ஊர் அது. எங்கே பார்த்தாலும் செம்மணல். காற்றடித்தால் சோற்றுத் தட்டிலும் செம்மணல். பனையைத் தவிர வேறெதுவும் அங்கே மனமுவந்து வளராது. ஊருக்குள்ளே ஒரு குளம் உண்டு. மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் ஆகும். வாயில் வைக்கிற தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரத்திலிருந்த நல்லதண்ணிக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். ஆழக் கிணறு. இறைத்தால் தோள்பட்டை கழன்று போகும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் அந்தப் பாட்டை ஞானப்பூ அம்மையாரிடம் விட்டுவிட்டு நெல்லோ கருப்பட்டியோ கூலியாகக் கொடுத்தார்கள். கணவர் மாசிலாமணி பனையிலிருந்து விழுந்து இறந்த நாள் முதல் அவருக்கு அதுவே பிழைப்பு.

கோழி கூவும் முன்பே கிணற்றடிக்குப் போய்விடுவார். கயிற்றைத் தொடுமுன் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "ஆண்டவரே, மொதக் குடம் உமக்கு" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஜெபம். நீளமாக ஜெபிக்க அவருக்கு வராது. அந்த முதல் குடம் எந்த வீட்டுக்கும் போகாது. எதிரே புளியமரத்தடியில் அவர் வைத்திருந்த பெரிய மண்பானையில் போய் விழும். அந்த வழியாக வண்டிக்காரர்கள் போவார்கள். உப்பு மூட்டை சுமப்பவர்கள் போவார்கள். கடற்கரைக் கோயிலுக்குக் காவடி எடுத்துக்கொண்டு காலில் கொப்புளத்தோடு நடப்பவர்கள் போவார்கள். யார் வந்து நின்றாலும் பனையோலைப் பட்டையை அவர் கையில் கொடுத்து, அது நிரம்ப ஊற்றுவார்.

பட்டை மடித்துக் கொடுப்பது மகனுடைய வேலை. ஏசுவடியான் என்று பெயர். அப்பனைப் போலவே பனையேறி. மீசை கறுத்து, பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. விடியற்காலையில் குருத்தோலை வெட்டி, தண்ணீர் ஒழுகாமல் பட்டைகளை மடித்துத் தாயிடம் கொடுப்பான். தாய் அதில் ஒன்றை எடுத்து அவனுக்கு நிறைய ஊற்றுவார். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் அவன் பனையில் கால் வைப்பான். ஒரு நாளும் தவறியதில்லை. பிள்ளை அண்ணாந்து குடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே நிற்பதில் அம்மையாருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சந்தோஷம் கிடைத்துவிடும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஆண்டவருக்குத் தாகமாம், ஞானப்பூ தண்ணி கொண்டு போறா" என்று கிணற்றடியில் பெண்கள் சிரித்தார்கள். சபை மூப்பர் சாலமோனுக்கு அதில் வேறு வருத்தம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் அம்மையாரை நிறுத்திக் கேட்டார்.

"ஏளா ஞானப்பூ, காவடி எடுத்துட்டுப் போறவனுக்கெல்லாம் நம்ம சபைக்காரி தண்ணி சொமக்கணுமா?"

"அவங்க எங்க போறாங்கன்னு நான் கேக்கலய்யா. தண்ணி வேணுமான்னுதான் கேட்டேன்."

மூப்பர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்துவிட்டார். அவர் கெட்டவரல்லர். ஊருக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவர். ஊர் என்றால் எதுவரைக்கும் என்பதில்தான் அவருக்கும் அம்மையாருக்கும் கணக்கு வேறுபட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்துப் போயிற்று. கடற்கரைக் கோயில் திருவிழா முடிந்து திரும்பிய கூட்டத்தோடு வாந்திபேதியும் நடந்து வந்தது. புளியமரத்துக்கு அப்பால் ஒரு பாழடைந்த வண்டிப்பேட்டை உண்டு. நடக்க முடியாமல் விழுந்தவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். மேற்கே மலையடிவாரத்துக்காரர்கள். கூட வந்தவர்களில் கால் உள்ளவர்கள் பயந்து போய்விட்டார்கள். கிடந்தவர்கள் கிடந்தார்கள்.

சபைக் கோயில் வாசலில் ஊர் கூடியது. மூப்பர் முடிவைச் சொன்னார். "உடைமுள்ள வெட்டிப் போட்டுப் பாதைய அடைச்சிருவோம். உள்ள இருக்கிறவன் வெளிய போகாண்டாம், வெளிய இருக்கிறவன் உள்ள வராண்டாம். நல்லதண்ணிக் கிணறும் வேண்டாம். நோய் அங்கனதான் கெடக்கு. கொளத்துத் தண்ணிய வடிகட்டிக் குடிச்சுக்கிடுவோம்."

எல்லாரும் சரியென்றார்கள். பயந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் ஊரைக் காக்க எடுத்த அந்த முடிவுதான் ஊரைக் கெடுத்தது. நோய் தெரியவருமுன்பே திருவிழா வண்டிகள் குளக்கரையில் இறங்கி, துணிமணிகளை அந்தத் தண்ணீரில் அலசிவிட்டுப் போயிருந்தன. நல்ல தண்ணீரை வேலிக்கு வெளியே விட்டுவிட்டு, நோயை வேலிக்கு உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது. "அப்போ பேட்டையில கெடக்கிறவங்களுக்கு யாருய்யா தண்ணி கொடுப்பா?"

எல்லாரும் மூப்பரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் போறேன்," என்றார் அம்மையார்.

"போனா அந்தப் பக்கந்தான்," என்றார் மூப்பர். "நோய் ஓயுற வரைக்கும் வேலிய விட்டு உள்ள வரக் கூடாது. உன் மவன நெனச்சுப் பாரு தாயி."

அம்மையார் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே சொத்து அவன். அவன் தாயருகே வந்து நின்று, "நீ போம்மா. நான் அத்தை வீட்டுல இருந்துக்கிடுதேன்," என்றான். அத்தை என்றது அன்னப்பழத்தை. மாசிலாமணியின் தங்கை. பிள்ளை இல்லாதவள், ஏசுவடியானைப் பாதி வளர்த்தவள் அவள்தான். அவளும் ஓடி வந்து அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் உசுரா பாத்துக்கிடுதேன் மைனி. நீங்க கலங்காதிங்க."

மறுநாள் விடியும்போது மகன் மடித்துக் கொடுத்த ஒரு கத்தைப் பட்டையோடு அம்மையார் வெளியே போனார். அவர் பின்னால் முள்ளை இழுத்து அடைத்தார்கள்.

அந்நாளில் ஒரு வைத்தியம் இருந்தது. வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் நோய் பொங்கி ஆளைக் கொன்றுவிடும் என்பார்கள். நாக்கு வறண்டு கெஞ்சினாலும் கொடுக்கக் கூடாது. கொடுக்காமலிருப்பதுதான் பாசம். அம்மையாரும் அதை நம்பியவர்தாம். முதல் நாள் பேட்டையில் ஒரு நடுவயதுக்காரர் கையைக் கூப்பித் தண்ணீர் கேட்டார். கொடுத்தால் செத்துவிடுவாரே என்று அம்மையார் துணியை நனைத்து நெற்றியில் மட்டும் போட்டார். அவர் அம்மையாரின் முகத்தையும் பக்கத்திலிருந்த குடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உயிரை விட்டார். அம்மையார் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். "எப்படியும் போற உசுரு தாகத்தோட போகக் கூடாது ஆண்டவரே. இனிமே கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன். பாவம்னா அது எம் மேல இருக்கட்டும்" என்றார். அதன்பின் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கரைத்தும் கொடுத்தார். அசிங்கத்தைக் கையால் அள்ளினார். இறந்தவர்களைத் தாமே இழுத்துப் போய் மணலில் புதைத்தார். ஆனால் பிழைத்தவர்களும் இருந்தார்கள். உலகம்மாள் என்ற இளம்பெண் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

காலைதோறும் ஏசுவடியான் வேலியருகே கஞ்சிக் கலயத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பான். பனங்காட்டில் கலயத்துக்கா பஞ்சம், தினமும் புதுக் கலயம். அம்மையார் அதை எடுத்துக்கொண்டு, ஒரு குடம் நல்ல தண்ணீரை அங்கே வைப்பார். இரண்டு பேரும் தூர நின்றே பேசிக்கொள்வார்கள். அவன் குடத்தை எடுத்துப் போவதை ஊர் பார்த்துவிட்டது. நோய்க்காரி இறைத்த தண்ணீர் உள்ளே வந்தால் அத்தை குடும்பத்தையே வேலிக்கு வெளியே தள்ளிவிடுவோம் என்று சத்தம் போட்டார்கள்.

"தண்ணி வைக்காதம்மா. எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க," என்றான் மகன்.

"நீ எடுக்காண்டாம்யா. அது இங்கன இருக்கட்டும். வைக்காம இருந்தா எனக்குக் கையி நிக்க மாட்டேங்கு."

மகன் எடுப்பதை நிறுத்தினான். தாய் வைப்பதை நிறுத்தவில்லை. சாயங்காலம் நிறைகுடத்தைத் திரும்ப எடுத்துப் போய்ப் புளியமரத்துப் பானையில் ஊற்றுவார்.

ஒரு நாள் காலையில் கஞ்சி வரவில்லை. அம்மையார் குடத்தை வேலியருகே வைத்துவிட்டுக் காத்து நின்றார். வெயில் ஏறியது. "ஏய்யா! ஏசுவடியான்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பனைகளுக்கு நடுவே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே ஓடிவிடலாமா என்று முள்ளின்மேல் கையைக்கூட வைத்தார். அப்போது பேட்டையிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது. "அம்மா, தண்ணீ... யம்மா, தண்ணீ..."

அம்மையார் முள்ளைப் பார்த்தார். பேட்டையைப் பார்த்தார். "ஆண்டவரே, எம் புள்ளயப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பேட்டைக்குத் திரும்பினார்.

நண்பகலில் மறுபடியும் ஓடி வந்தபோது குடம் வெறுமையாகச் சாய்ந்து கிடந்தது. குடித்துவிட்டானே என்று ஒரு கணம் முகம் மலர்ந்தது. அப்புறந்தான் மணலைப் பார்த்தார். குடம் கிடந்த இடத்தைச் சுற்றித் தரை நனைந்து கறுத்திருந்தது. யாரோ கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள்.

பொழுது சாயும் வேளையில் மூப்பர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். துண்டை வாயில் பொத்தியிருந்தார்.

"தாயி... உன் மவன் போயிட்டான். நேத்து பொழுதடைய வந்துச்சு. இன்னைக்கு உச்சிக்கு முன்ன போயிட்டான். அடக்கமும் முடிஞ்சிட்டு. வச்சிருக்க முடியல்ல. மணிகூட அடிக்கல. மன்னிச்சுக்கோ."

அம்மையார் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். முள் கையில் இறங்கியது அவருக்குத் தெரியவில்லை. பெற்ற வயிறு எரிய ஒரு தாய் என்னவெல்லாமோ கேட்பாள். இந்தத் தாய் ஒன்றைத்தான் கேட்டார்.

"தண்ணி கேட்டானாய்யா?"

மூப்பர் அவன் சாகும்போது கூட இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லம்மா. ஒண்ணும் கேக்கல. தூங்குன மாதிரியே போயிட்டான்," என்றார்.

அது பொய் என்று அம்மையாருக்குத் தெரிந்தது. எத்தனை பேரை மடியில் வைத்துப் பார்த்துவிட்டார்! அந்த நோய்க்காரர் எவரும் தண்ணீர் கேட்காமல் போனதில்லை. உலகத்தாருக்கெல்லாம் ஊற்றிய கை, தன் பிள்ளை கேட்டபோது வேலிக்கு வெளியே இருந்துவிட்டது. அதைச் சுமந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் கதறிய கதறலில் பனையிலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன என்பார்கள். அந்தக் கதறலுக்கு நடுவிலும் பேட்டையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. தண்ணீர் கேட்டுத்தான். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மழை பெய்த பிறகு நோய் ஓய்ந்தது. வேலிக்கு வெளியே பிழைத்தவர்கள் அதிகம். உள்ளே இறந்தவர்கள் அதிகம். உலகம்மாள் எழுந்து நடந்து தன் ஊருக்குப் போனாள். போகும்போது அம்மையாரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். முள்ளை அகற்றினார்கள். அம்மையார் உள்ளே வந்து பார்த்தபோது அவருடைய குடிசை இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. நோய்க்குப் பயந்து கொளுத்திவிட்டிருந்தார்கள். நேரே அன்னப்பழத்தின் வீட்டுக்குப் போனார்.

"ஏளா, எம் புள்ள தண்ணி கேட்டானா?"

"இல்ல மைனி," என்று சொல்லிவிட்டு அன்னப்பழம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோயில் பின்புறத்தில் ஓலைச்சாய்ப்பு ஒன்று போட்டுக்கொண்டு அம்மையார் பழைய வேலைக்குத் திரும்பினார். முதல் குடம் வழக்கம்போல ஆண்டவருக்கு. பட்டைகளை இப்போது அவரே மடித்தார். அவை ஒழுகின. இரண்டாவது குடத்திலிருந்து ஒரு பட்டை எடுத்துப் போய் மகனுடைய கல்லறை மேல் ஊற்றினார். உபதேசியார் அதைப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு, "செத்தவங்களுக்குத் தண்ணி ஊத்துறது நம்ம வழக்கமில்லயேம்மா. சபையில பேசுதாங்க" என்றார். "சரிங்கய்யா" என்றார் அம்மையார். மறுநாள் கல்லறையின் தலைமாட்டில் ஒரு வேப்பங்கன்று நின்றது. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாதென்று எந்தச் சபையும் சொல்லாதே. உபதேசியார் அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்காமல் போவதற்குப் பழகிக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் ஊத்துனியே, உன் ஆண்டவரு உன் புள்ளைக்கு என்னத்தச் செஞ்சாரு?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. பதில் தெரிந்த மாதிரி அம்மையார் காட்டிக்கொள்ளவில்லை. "அவரு நல்லவரு. எனக்குத்தான் வெளங்கல" என்பார். ஆனால் யாராவது ஓர் இளைஞன் பானையடியில் நின்று அண்ணாந்து குடிக்கும்போது, அவன் குடித்து முடிக்கும்வரை அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கருக்குவிளையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை நடக்கும். மனத்தாங்கல் உள்ளவர்கள் அன்றைக்கு ஒருவரையொருவர் தேடிப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். அது முடியாதவர் மறுநாள் திருவிருந்தின் அப்பத்திலும் பாத்திரத்திலும் பங்கெடுக்கக் கூடாது. எடுத்தால் ஆண்டவருடைய ஆக்கினைக்கு ஆளாவோம் என்பது அந்தச் சபையாரின் பயம். அன்னப்பழம் அந்த ஆராதனைக்கே வருவதில்லை. திருவிருந்து நாளில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பீடத்துக்குப் போகாமல் எழுந்து போய்விடுவாள். மைனிமேல் ஏதோ கோபம் என்று ஊர் நினைத்தது. அம்மையார் ஒவ்வொரு முறையும் அவள் வாசலில் போய் நிற்பார். "வாளா, ரெண்டு பேருமா போவோம்." கதவு திறக்காது. வருஷங்கள் போயின. வேப்பங்கன்று மரமாகி, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குமேல் தலை காட்டியது. மூப்பர் சாலமோனும் அந்த மரத்தடியிலேயே அடக்கமானார்.

அம்மையாருக்கு ஒரு நாள் கிணற்றடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு வந்து சாய்ப்பில் கிடத்தினார்கள். அதன்பின் அவர் எழுந்திருக்கவில்லை. முதல் குடம் மட்டும் யாராவது இறைத்துப் பானையில் ஊற்ற வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஊர்ப் பெண்கள் முறை வைத்து ஊற்றினார்கள். கிணற்றடியில் சிரித்தவர்களின் மருமக்கள் அவர்கள்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை பிற்பகல். ஆயத்த ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. இம்முறை வாசலுக்குப் போய்க் கூப்பிட அம்மையாரால் முடியவில்லை. சாய்ப்பின் தட்டியை விலக்கிக்கொண்டு அன்னப்பழமே வந்தாள். அவளுக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மையாரின் காலடியில் உட்கார்ந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"கேட்டான் மைனி."

அம்மையார் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"விடியக்காலத்துல இருந்து கேட்டுக்கிட்டே கெடந்தான். ஒரு வாய் தாங்க அத்தை, ஒரு வாய் தாங்க அத்தைன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுனான். கொடுத்தாச் செத்துருவான்னு வைத்தியரு சொன்னாரு. நான் பானையத் தூக்கி வெளிய வச்சேன் மைனி. எந்திரிச்சு வந்து குடிச்சிரக் கூடாதேன்னு கதவச் சாத்திக் கொண்டியப் போட்டேன். யாராவது எடுத்தாந்து கொடுத்திரக் கூடாதேன்னு, நீங்க வேலியில வச்ச குடத்தக் கவுத்ததும் நாந்தான். இந்தக் கைதான். இந்தக் கையால நான் எப்படி மைனி அந்தப் பாத்திரத்தத் தொடுவேன்?"

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு அழுதாள். அம்மையாரின் கண்களிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமும் தெரிந்தேயிருந்த ஒன்றைக் காதால் கேட்பது வேறாக இருந்தது. தட்டுத் தடுமாறிக் கையை நீட்டி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் மொத நாளு கொடுக்கல ஏளா. ஒருத்தரு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாரு. செத்துருவாரேன்னு கொடுக்கல. என் மொகத்தப் பாத்துக்கிட்டே போனாரு. நீ பாசத்துலதான் செஞ்ச. எனக்குத் தெரியாதா?"

"இன்னும் இருக்கு மைனி," என்றாள் அன்னப்பழம். "இதச் சொல்லணும்னா அதையும் சொல்லணுமேன்னுதான் இத்தன வருஷம் வாயத் தொறக்கல. குடத்தக் கவுத்துட்டு வந்து கொண்டியத் தொறந்தேன். அவன் கெஞ்சல. மொகம் தெளிஞ்சு கெடந்தான். 'பானைய உள்ள எடுத்து வைங்க அத்தை, எனக்குத் தாகம் தீந்துட்டு'ன்னான். 'யாருல கொடுத்தா'ன்னேன். 'ஒருத்தரு வந்தாரு அத்தை. பட்டையில ஊத்தித் தந்தாரு. நல்லதண்ணிக் கிணத்துத் தண்ணி'ன்னான். பெனாத்துதான்னு நெனச்சுக் குனிஞ்சு பாத்தேன். உதடெல்லாம் ஈரம். தாடையில வழிஞ்சு பாயி நனஞ்சு கெடக்கு. நான் தொட்டுப் பாத்தேன் மைனி, குளுந்து இருந்துச்சு. ஊருக்குள்ள அந்தக் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு கெடையாது. கதவு நான் சாத்துன கதவு. அப்பறம் அவன் ஒண்ணும் கேக்கல. அம்மாட்ட சொல்லுங்கன்னு மட்டும் சொன்னான். நாந்தான் சொல்லல."

கோயில் மணி ஓய்ந்திருந்தது. அம்மையார் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். அந்தக் காலைப் பொழுது அவர் கண்முன் வந்தது. முள்ளின்மேல் தாம் வைத்த கை; பேட்டையிலிருந்து வந்த உலகம்மாளின் குரல்; திரும்பி நடந்தது; அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மகன் மடித்த பட்டையால் ஊற்றியது. வேலியை விட்டு வந்துவிட்டோமே என்று அந்தப் பொழுதை நினைத்துத்தான் அவர் இத்தனை வருஷமும் வெந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அவரு வேலைய நான் அங்கன பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் அம்மையார். "எம் வேலைய அவரு இங்கன வந்து பாத்திருக்காரு ஏளா."

பிறகு தண்ணீர் கேட்டார். அன்னப்பழம் ஒரு பட்டையை எடுத்து, நிறைய ஊற்றி, அவர் உதட்டில் வைத்தாள். அம்மையார் அதை முழுவதும் குடித்தார்.

மறுநாள் திருவிருந்தில் சபையார் ஒரு காட்சியைக் கண்டார்கள். நடக்க மாட்டாத அம்மையாரை அன்னப்பழம் தோளில் சாய்த்து அணைத்துக்கொண்டு பீடத்துக்குக் கூட்டி வந்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டார்கள். குருவானவர் பாத்திரத்தை நீட்டியபோது அன்னப்பழம் இரண்டு கைகளாலும் அதை ஏந்தினாள்.

அந்த வாரத்திலேயே ஞானப்பூ அம்மையார் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அடிக்காத மணியை அவருக்கு நெடுநேரம் அடித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வண்டிப்பாதையில் வண்டிகள் நின்றிருந்தன. உப்பு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் நின்றார்கள். காவடி எடுத்து வந்தவர்களும் அவற்றை மரத்தில் சாய்த்துவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். வேப்பமர நிழலில், மகனுக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்றும் அங்கே கல்லில் அவர் பெயர் இல்லை. ஆனால் புளியமரத்தடிப் பானை ஒரு நாளும் வற்றியதில்லை. அவருக்குப் பிறகு அன்னப்பழம் ஊற்றினாள். அவளுக்குப் பிறகும் ஊற்றுவதற்குக் கை இருக்கிறது. முதல் குடத்தைத் தூக்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் சொல்வது இன்றும் அதே நாலு வார்த்தைதான். அந்த நாலு வார்த்தையில் வாழ்ந்து முடித்த எங்கள் ஞானப்பூத் தாயே, நீர் தண்ணீர் ஊற்றிய கைக்கு எங்கள் வணக்கம். அந்தக் கைக்குப் பதிலாக வந்து நின்ற கைக்கே மகிமை.